கிளட்ச் வேணாம்... காது வேணும்!

ஞாயித்துக்கிழமை காலையில ஈ.சி.ஆர். பக்கம் போனீங்கன்னா ஒரு சத்தம் கேட்கும். டீக்கடை வாசல்ல சும்மா நிக்கிற பைக்ல உட்கார்ந்துக்கிட்டு ஒருத்தர் ஆக்ஸிலேட்டரை முறுக்குவார். 'வ்ர்ரூம்... வ்ர்ரூம்...' பக்கத்துல பன் பட்டர் ஜாம் சாப்பிடுறவங்க திரும்பிப் பார்ப்பாங்க. டீ மாஸ்டர் மனசுக்குள்ள திட்டுவார்.

அதே சத்தத்தை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. மெயின் ஸ்ட்ரெயிட்ல டாப் கியர்ல பறந்து வர்ற பைக், வளைவுக்கு முன்னாடி பிரேக் பிடிக்கும்போது 'வ்ராப்... வ்ராப்...'னு ரெண்டு தடவை உறுமும். அடுத்த நொடி வளைவுக்குள்ள சாய்ஞ்சு காணாமப் போயிடும். டீக்கடை வாசல்ல அந்தச் சத்தத்துக்குப் பேரு சீன். ட்ராக்ல அதுக்குப் பேரு 'த்ராட்டில் பிளிப்'. கியர் இறக்கும்போது ஆக்ஸிலேட்டரை ஒரு சின்ன முறுக்கு முறுக்கி விடுற டெக்னிக்.

நான் ரேஸர் எல்லாம் இல்லை பாஸ். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கற ஆளு. வருஷத்துக்கு ரெண்டு தடவை காசு சேர்த்து, என் 150 சிசி பைக்கை எடுத்துக்கிட்டு ட்ராக் டேக்குப் போவேன். ஒன்பது மாசம் அதைப் பத்திப் பேசியே ஓட்டுவேன்! அங்க கத்துக்கிட்டதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இந்த பிளிப்தான். அதுக்கு அடுத்த லெவல், கிளட்சே பிடிக்காம கியர் இறக்குறது. கேட்கும்போதே கெத்தா இருக்குல்ல? அந்தக் கெத்துக்காகவே நிறைய பேர் ரோட்டுல ட்ரை பண்றாங்க. அதனாலதான் இதை எழுதறேன்.

லாரி பெரியப்பா சொன்ன பாடம்

பிளிப்புக்கு இங்கிலீஷ் வீடியோ எதுவும் வேணாம். என் பெரியப்பா போதும்.

அவருக்கு நாமக்கல். லாரி டிரைவர். லீவு விட்டா நான் கிளீனர் சீட்ல ஏறிக்குவேன். சத்தியமங்கலம் தாண்டி திம்பம் காட் ரோடு, 27 கொண்டை ஊசி வளைவு. பழைய லாரி, முழு லோடு. ஒவ்வொரு வளைவுக்கும் கியர் இறக்கணும். பெரியப்பா கிளட்சை மிதிச்சு நியூட்ரலுக்கு வருவார். கிளட்சை விடுவார். ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து, 'ர்ர்ரூம்'. மறுபடி கிளட்சை மிதிச்சு கீழ் கியர். வெண்ணெய் மாதிரி விழும். இதுக்குப் பேரு 'டபுள் கிளட்ச்'.

"ஏன் பெரியப்பா நடுவுல ரேஸ் குடுக்கறீங்க?"

"இன்ஜின் ஒரு வேகத்துல சுத்துது கண்ணு. சக்கரம் ஒரு வேகத்துல சுத்துது. ரெண்டையும் சமமாக்காம கியரைப் போட்டா பல்லு கடிக்கும்."

"சமமாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

காதைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான் பதில். அந்த லாரியில ஆர்.பி.எம். மீட்டர் எல்லாம் கிடையாது.

மெக்கானிக்கல் படிச்ச மூணு வருஷத்துல கியர் பாக்ஸ் பத்தி நான் படிச்சதோட சாரம் அந்த ரெண்டு வரிதான். பரீட்சையில எழுதினா மார்க் போட மாட்டாங்க, அது வேற விஷயம்.

பெட்டிக்குள்ள என்ன நடக்குது?

கார்ல சிங்க்ரோமெஷ்னு ஒரு வசதி இருக்கு. கியர் மாத்தும்போது வேகத்தை அதுவே சமமாக்கித் தரும். பைக்ல அது இல்லை. பைக் கியர் பாக்ஸ்ல எல்லாப் பல் சக்கரமும் எப்பவும் ஒண்ணோட ஒண்ணு கடிச்சுக்கிட்டேதான் இருக்கும். நீங்க லிவரை மிதிக்கும்போது நகர்றது பக்கவாட்டுல இருக்கிற கட்டையான பற்கள். அதுக்கு 'டாக்'னு பேரு. ஒரு கியர்ல இருந்து விலகி, பக்கத்துக் கியர்ல இருக்கிற பள்ளத்துல போய் மாட்டிக்கும்.

அந்த டாக் மேல இன்ஜினோட இழுவை இருக்கிற வரைக்கும் அது நகராது. ரெண்டு பேர் கையைக் கோத்து இழுத்துக்கிட்டு இருந்தா விரலைப் பிரிக்க முடியுமா? ஒரு செகண்டு இழுக்கறதை நிறுத்தினா தானா பிரியும். கிளட்ச் பிடிக்கிறது அந்த இழுவையை நிறுத்தத்தான். பிளிப் பண்ணினாலும் ஒரு கணம் இழுவை பூஜ்யம் ஆகும். கிளட்ச் இல்லாம கியர் மாத்த முடியறது அதனாலதான்.

சரி, சமமாக்கறதுன்னா எவ்வளவு? ஒரு உதாரணம் பார்ப்போம். கால்குலேட்டரை எடுங்க.

150 சிசி பைக் ஒண்ணு. 3-வது கியர்ல 22 பல் சக்கரம், 30 பல் சக்கரத்தைச் சுத்துது. 2-வது கியர்ல 16 பல் சக்கரம், 30 பல் சக்கரத்தைச் சுத்துது. 22-ஐ 16-ஆல வகுத்தா 1.375. அப்படின்னா, 3-வது கியர்ல 7,000 ஆர்.பி.எம். ஓடிக்கிட்டு இருக்கும்போது 2-வதுக்கு இறங்கினா, அதே வேகத்துக்கு இன்ஜின் சுமார் 9,600 சுத்தணும். நடுவுல 2,600 வித்தியாசம்! அதை யாராவது குடுத்தே ஆகணும். ஒண்ணு, உங்க வலது கை குடுக்கணும். இல்லைன்னா பின் சக்கரம் குடுக்கும்.

கியர் ஏத்தும்போது இந்தத் தலைவலி இல்லை. அப்ப இன்ஜின் வேகம் குறையணும். ஆக்ஸிலேட்டரை லேசா விட்டாலே அது தானா குறையும். அதனால கிளட்ச் இல்லாம கியர் ஏத்துறதை நிறைய பேர் சுலபமாப் பிடிச்சுக்குவாங்க. 'ஏத்தறது வந்துடுச்சு, இறக்கறதும் இதே மாதிரிதானே'ன்னு நினைப்பாங்க. அங்கதான் மாட்டிக்கறாங்க.

பின் சக்கரம் குடுத்தா என்ன ஆகும்?

வேகமா பிரேக் பிடிக்கும்போது பைக்கோட எடை முன் சக்கரத்துக்குப் போயிடும். பின் சக்கரம் ரோட்டை சும்மா தொட்டுக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல பிளிப் இல்லாம கீழ் கியரைத் தட்டினா, இன்ஜினை 2,600 ஆர்.பி.எம். மேலே தூக்குற வேலை அந்த லேசான சக்கரத்து மேல விழும். அதால முடியாது. வழுக்கும், லாக் ஆகும், குதிக்கும். அப்ப வண்டி நேரா இருந்தா பொழைச்சீங்க. சாய்ஞ்சிருந்தா?

என் கூடப் படிச்சவன் ஒருத்தன். பேர் வேணாம், அவன் இதைப் படிப்பான். ஃபைனல் இயர்ல ஒரு வாரம் உட்கார்ந்து வீடியோ பார்த்துட்டு, ஊருக்கு வெளியே ஒரு சர்வீஸ் ரோடு வளைவுல கிளட்ச் பிடிக்காம ரெண்டு கியர் தட்டினான். முந்தின ராத்திரி மழை, ஓரத்துல மணல். நான் பின்னாடி இன்னொரு பைக்ல வந்துக்கிட்டு இருந்தேன். 'கீச்'னு ஒரு சத்தம். பின் சக்கரம் பக்கவாட்டுல முன்னாடி வந்துச்சு. அவன் ரோட்டுல. பைக் புதர்ல.

இடது கணுக்கால்ல பிளேட்டும் ஸ்க்ரூவும் வெச்சாங்க. அடுத்த பத்து நாள்ல கேம்பஸ் இன்டர்வியூ. அவன் ரெண்டு வருஷமா எதிர்பார்த்துக்கிட்டு இருந்த கம்பெனி அது. எழுந்து நிக்கவே முடியாதவன் எங்க போறது? அவங்கம்மா ஆஸ்பத்திரி வராந்தாவுல என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "ஏன்ப்பா, வண்டியில கிளட்ச் இருக்குல்ல? அதைப் பிடிச்சா என்ன?" இன்னிக்கு வரைக்கும் எனக்கு அதுக்குப் பதில் கிடைக்கலை.

அவன் பைக்ல ஏ.பி.எஸ். இருந்துச்சுங்கறதையும் சொல்லிடறேன். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல இருக்கிற புது பைக் எல்லாத்துக்கும் அது கட்டாயம் ஆச்சு. ஆனா, ஏ.பி.எஸ். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். சக்கரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கறது இன்ஜின்னா, அதால ஒண்ணும் செய்ய முடியாது.

இன்னொரு மூடநம்பிக்கை, 'ரெவ் லிமிட்டர் இருக்கே, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது'. லிமிட்டர், நீங்க ஆக்ஸிலேட்டர் முறுக்கி மேலே போறதைத்தான் தடுக்கும். கீழ் கியரைத் தட்டும்போது இன்ஜினைச் சுத்த வைக்கிறது சக்கரம். பெட்ரோலை நிறுத்தினாலும் ஸ்பார்க்கை நிறுத்தினாலும் சக்கரம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். தப்பான நேரத்துல ரெண்டு கியர் இறக்கினா வால்வும் பிஸ்டனும் கை குலுக்கிக்கும். அப்புறம் மெக்கானிக் அண்ணனுக்குத் தீபாவளி.

முதல் கிளாஸ் ஹாஸ்டல் பார்க்கிங்ல!

எனக்கு ட்ராக்ல சொல்லித் தந்த அண்ணன் முதல் நாள் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே விடலை. இதை நீங்களும் ஹாஸ்டல் பார்க்கிங்ல செய்யலாம். போலீஸ் பிடிக்காது. வாட்ச்மேன் மட்டும் ஒரு மாதிரி பார்ப்பார்.

பைக்கை ஸ்டாண்டு போட்டு, இன்ஜின் ஆஃப்ல உட்காருங்க. வலது கையில ரெண்டு விரலால முன் பிரேக் லிவரை ஒரே அழுத்தத்துல பிடிங்க. மீதி விரலும் உள்ளங்கையும் சேர்ந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டுனு ஒரு கால் முறுக்கு முறுக்கி விடணும். அந்த நேரத்துல பிரேக் லிவர் ஒரு துளிகூட நகரக் கூடாது. முதல் பத்து தடவை கண்டிப்பா நகரும். கை முறுக்கும்போது விரலும் சேர்ந்து இழுக்கும். ஓடுற பைக்ல அப்படி இழுத்தா, ஃபோர்க் குதிச்சு குதிச்சு வரும். இது சரியா வர்ற வரைக்கும் மத்த எதையும் யோசிக்காதீங்க. எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

அடுத்தது ட்ராக்ல, கிளட்சோட. நேர்ப் பாதையில, பிரேக் இல்லாம, நிதான வேகத்துல. கிளட்ச், பிளிப், கியர், கிளட்சை விடு. நாலும் சேர்ந்து ஒரு 'டக்'. சரியா விழுந்துச்சுன்னா வண்டி முன்னாடியும் தள்ளாது, பின்னாடியும் இழுக்காது. கண்ணை மூடிக்கிட்டு பின்னாடி உட்கார்ந்திருக்கிறவருக்கு கியர் மாறினதே தெரியக் கூடாது. பிளிப் கம்மியாச்சுன்னா வண்டி பின்னாடி இழுக்கும். ஜாஸ்தியாச்சுன்னா முன்னாடி துள்ளும். வண்டியே மார்க் போடும், வாத்தியார் தேவையில்லை.

அது வந்தப்புறம்தான் பிரேக்கோட பிளிப். முதல்ல நல்லா பிரேக் பிடிச்சு வேகத்தைக் குறைக்கணும், அப்புறம்தான் கியர். ஒவ்வொரு கியரா. வண்டி நேரா இருக்கும்போதே எல்லாக் கியரும் இறக்கி முடிச்சிருக்கணும். சாய்ஞ்சதுக்கு அப்புறம் கியர்ல கை, கால் எதுவும் வைக்கக் கூடாது.

இப்ப வருது மெயின் மேட்டர்

இது எல்லாம் யோசிக்காமலே வர்ற அளவுக்கு ஆனதுக்கு அப்புறம், இடது கையை கிளட்ச்ல இருந்து எடுக்கலாம். இடது கால் லிவர் மேல லேசா ஒரு அழுத்தம். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கிற வரைக்கும் கியர் நகராது, ஏன்னா இன்ஜின் சக்கரத்தைப் பின்னாடி இழுத்துக்கிட்டு இருக்கு. சட்டுனு ஒரு பிளிப். இழுவை பூஜ்யம் ஆகற அந்தக் கணத்துல டாக் விலகும், இன்ஜின் வேகம் ஏறும், அடுத்த கியர் தானா மாட்டும். உங்க கால் மிதிக்கிற மாதிரியே இருக்காது. கியரே காலை உள்ளே இழுத்துக்கற மாதிரி இருக்கும். முதல் தடவை அது சரியா விழுந்தப்போ ஹெல்மெட்டுக்குள்ள நான் கத்தினது நல்லவேளை யாருக்கும் கேட்கலை!

எங்க ஆரம்பிக்கணும்? மேல இருக்கிற கியர்ல. நம்ம உதாரண பைக்ல 7,000 ஆர்.பி.எம்.ல 6-ல இருந்து 5-க்கு இறங்க இன்ஜினுக்கு சுமார் 1,000 கூடுதலா வேணும். 3-ல இருந்து 2-க்கு 2,600. 2-ல இருந்து 1-க்கு 3,500-க்கு மேல! கீழே போகப் போக இடைவெளி பெருசாயிட்டே போகுது. அதனால 6, 5, 4 வரைக்கும் பழகுங்க. முதல் கியருக்குக் கிளட்ச் இல்லாம போகவே போகாதீங்க. அதுல கெத்து கிடையாது, செலவுதான்.

செலவுன்னதும் ஞாபகம் வருது. தப்புத் தப்பா தட்டிக்கிட்டே இருந்தா டாக்கோட முனை மழுங்கும். காலை லிவர் மேல அழுத்தியே வெச்சிருந்தா ஷிஃப்ட் ஃபோர்க் தேயும், வளையும். கொஞ்ச நாள்ல கியர் போட்ட இடத்துல நிக்காது, நடு ரோட்டுல நியூட்ரலுக்கு வந்து நிக்கும். அதைச் சரி பண்ண இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும். ஒரு செமஸ்டர் ஃபீஸ் அளவுக்கு பில் வந்தாலும் ஆச்சர்யம் இல்லை. அப்பாகிட்ட என்ன காரணம் சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்குங்க.

இதனால நேரம் எவ்வளவு மிச்சம்? உண்மையைச் சொல்லணும்னா, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ரொம்பக் கொஞ்சம். கிளட்சோட நல்லா பிளிப் பண்றவர், கிளட்ச் இல்லாம சுமாரா பண்றவரைச் சுலபமா முந்திடுவார். இடது கை ஃப்ரீயாகி ஹேண்டில்பாரை உறுதியாப் பிடிக்க முடியுது, அதுதான் எனக்குத் தெரிஞ்ச நிஜமான லாபம்.

பைக்கே பண்ணிக்குமே பாஸ்?

கரெக்ட். உங்க கேள்வி நியாயமானது. ரேஸ்ல டூ ஸ்ட்ரோக் பைக் ஓடின காலத்துல இன்ஜின் பிரேக்கிங் ரொம்பக் கம்மி, கியரைச் சரசரன்னு இறக்கலாம். 2002-ல உலக சாம்பியன்ஷிப்பே 500 சிசி டூ ஸ்ட்ரோக்ல இருந்து 990 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிச்சு. அந்தப் பெரிய இன்ஜினோட இழுவைக்குப் பின் சக்கரம் ஆட்டம் போட, ஸ்லிப்பர் கிளட்ச் பெரிய விஷயம் ஆச்சு. பின் சக்கரம் இன்ஜினை அளவுக்கு மீறி இழுத்தா, அந்தக் கிளட்ச் கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுக்கும். இன்னிக்கு அது 150 சிசி பைக்லயே வருது.

அடுத்தது குவிக்‌ஷிஃப்டர். நம்ம ஓசூர் டி.வி.எஸ். 2023-ல கொண்டுவந்த அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310-ல கியர் ஏத்தவும் இறக்கவும் ரெண்டுக்கும் வேலை செய்யற குவிக்‌ஷிஃப்டர் கிடைக்குது. நீங்க லிவரைத் தட்டினா போதும், பிளிப்பை கம்ப்யூட்டரே குடுக்கும். நம்மளை விடக் கரெக்டா குடுக்கும், அதுல சந்தேகமே இல்லை.

அப்புறம் எதுக்கு இதைக் கத்துக்கணும்? எந்த வேகத்துக்கு எந்தக் கியர், எப்ப இறக்கணும், பின் சக்கரம் எவ்வளவு தாங்கும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணாது. அதை நீங்கதான் முடிவு பண்ணணும். கையால பிளிப் பண்ணிப் பழகினவருக்கு இன்ஜின் என்ன சொல்லுதுன்னு காதுலயே தெரியும். குவிக்‌ஷிஃப்டர் இருக்கிற பைக்லயும் அந்தக் காது வேலைக்கு ஆகும். அது இல்லாத உங்க அப்பாவோட பழைய பைக்ல, மலைப் பாதையில இறங்கும்போது, இன்னும் நல்லா வேலைக்கு ஆகும். அங்கே கிளட்சைப் பிடிச்சுதான் பண்ணணும். கிளட்சைப் பிடிச்சு அழகா ஒரு பிளிப் குடுத்து இறக்குறதுல கேவலம் எதுவும் இல்லை.

எங்க போய் கத்துக்கறது?

நமக்கு இந்த விஷயத்துல குறையே இல்லை. சோழவரம் பழைய விமானத் தளத்துல ரேஸ் நடந்த ஊரு நம்மளோடது. 1990-ல இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்துச்சு. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. கோயம்புத்தூர் பசங்களுக்கு செட்டிப்பாளையத்துல 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. 2011-ல 125 சிசி உலக சாம்பியன்ஷிப்ல ஓட்டின சரத்குமார் (நடிகர் இல்லீங்க!) நம்ம சென்னைக்காரர்தான்.

ட்ராக் டேக்குக் காசு ஆகும், இல்லைன்னு சொல்லலை. லெதர் சூட் வாடகைக்குக் கிடைக்குமான்னு விசாரியுங்க. நாலு பேர் சேர்ந்து பெட்ரோலைப் பகிர்ந்துக்குங்க. புது எக்ஸாஸ்ட் வாங்க வெச்சிருக்கிற காசை எடுத்து இதுல போடுங்க. அங்க எதிர்ல லாரி வராது, மாடு வராது, வளைவுல மணல் இருக்காது. நீங்க தப்பு பண்ணினா வழுக்கிப் போய் நிக்கறதுக்குன்னே ஓரத்துல இடம் விட்டிருப்பாங்க. நம்ம சர்வீஸ் ரோட்டுல அந்த இடத்துல மின்கம்பம் நிக்கும்.

அதுவரைக்கும் ஹாஸ்டல் பார்க்கிங், இன்ஜின் ஆஃப், ரெண்டு விரல். தினமும் ஐம்பது தடவை. வாட்ச்மேன் கேட்டா, 'லேப் ப்ராக்டிகல்'னு சொல்லிடுங்க!